விடியல் ஆராதனைக்குப் பன்னிரண்டு பேர்

1986ஆம் ஆண்டு மார்ச் மாதம் முப்பதாம் திகதி, உயிர்த்த ஞாயிறு, காலை ஆறு மணி முப்பத்தைந்து. தூறல். ஆலய முற்றத்துச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி ஆறு பாகை காட்டியது. பக்கத்துச் சிற்றாலயத்தில் நான் முப்பது கதிரைகள் போட்டிருந்தேன். பத்தில் ஆட்கள் இருந்தார்கள். முன்னாலிருந்து ஒருமுறை எண்ணினேன், பின்னாலிருந்து ஒருமுறை எண்ணினேன், பிறகு கொழுவியில் தொங்கிய கோட்டுகளை எண்ணினேன். பத்துத்தான்.

எனக்குப் பன்னிரண்டு வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் அங்கிலிக்கன் சபையில் ஞானஸ்நானம் பெற்ற சில குடும்பங்கள் அந்தக் காலத்தில் பாரிசில் இருந்தோம். தெருவுக்கொரு கத்தோலிக்கக் கோயில் உள்ள ஊர் இது. எங்கள் முறைப்படி முழங்காலிட இடம் தேடி, எத்துவாலுக்கு அருகில் ஆங்கிலம் பேசுகிறவர்களின் எபிஸ்கோப்பல் ஆலயம் ஒன்றில் போய்ச் சேர்ந்தோம். லா சப்பலில் இரண்டாம் இலக்க மெட்ரோவில் ஏறினால் பதினோராவது நிறுத்தம். குருவானவர் அமெரிக்கர். நான் முப்பத்தெட்டு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்று, 1983 கடைசியில் மகள் வீட்டுக்கு வந்தவன். ஆங்கிலம் தெரிந்தபடியால் சபைக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எங்கள் ஆட்களில் ஐந்து பேர் லா சப்பலில் ஒரே அறையில் இருந்தார்கள். ஐவரும் உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். ஆலயத்தில் எட்டு மணி ஆராதனைக்கு வந்தால் வேலைக்குப் பிந்தும், பத்தரை ஆராதனையைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த ஐவரில் மூத்தவனை ஜனவரியில் ஒருநாள் ரூ காய் தெருவில் கண்டேன். கையில் கத்தரிக்காய்ப் பை.

“மாஸ்டர், எங்கடை லீவு திங்கட்கிழமை. ஆண்டவருக்கும் திங்கட்கிழமைதான் லீவு போலை. கோயில் பூட்டிக் கிடக்கு,” என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“பகிடி இல்லை மாஸ்டர். நான் இஞ்சை வந்து மூண்டு உயிர்த்த ஞாயிறு போட்டுது. ஒருக்காலும் ஆண்டவரின்ரை பந்தியிலை சேரேல்லை. அம்மா ஒவ்வொரு கடிதத்திலையும் அதைத்தான் கேக்கிறா. நான் இஞ்சை குளிர் எத்தினை பாகை எண்டு எழுதி மறுமொழி போடுறன்.”

அன்றே குருவானவருக்குக் கடிதம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்குத் தமிழில், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை ஒன்று வேண்டும் என்று கேட்டேன். சபையின் நிர்வாகக் குழு கூடிப் பேசி மறுமொழி தந்தது. உயிர்த்த ஞாயிறன்று ஏழு மணிக்கு ஒருமுறை நடத்திப் பார்ப்பது. அன்று பன்னிரண்டு பேராவது திருவிருந்தில் சேர்ந்தால், பெந்தெகொஸ்தே வரைக்கும் உள்ள ஏழு ஞாயிறும் தொடர்ந்து தருவது. குறைந்தால் இல்லை. எண்ணிக்கை ஆராதனைப் பதிவேட்டில் ஏறும், அதுதான் கணக்கு. அவர்கள் கேட்டது நியாயம் என்றே நினைத்தேன். விடியப்புறம் ஆளை எழுப்பிக் கதவு திறந்து வெப்பக்கலனை மூட்டுவதற்கு ஓர் எண்ணிக்கை வேண்டும்தானே.

பதினான்கு பேர் வருவார்கள் என்று திருப்பி எழுதினேன். ஐவர் அந்த அறைக்காரர். செவ்ரானிலிருந்து கணவன், மனைவி, கணவனின் தமக்கை, மூவர். என் மகளும் மருமகனும் இருவர். ஓல்னே-சூ-புவாவிலிருந்து ஒரு குடும்பத்தில் பெரியவர்கள் நால்வர். பதினான்கு. இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தாலும் பன்னிரண்டு நிற்கும். அந்தக் கணக்கில் என்னை நான் சேர்க்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கிருந்த ஒரே பயம் மணிக்கூடு. அந்த வருடம் கோடைகால நேரம் தொடங்கும் நாளும் உயிர்த்த ஞாயிறும் ஒன்றாக வந்தன. இரவு இரண்டு மணி மூன்று மணியாகும். எங்கள் ஊரில் மணிக்கூடு ஓடும், நிற்கும், யாரும் அதைப் பிடித்துத் தள்ளுவதில்லை. குருத்தோலை ஞாயிறன்று எல்லோருக்கும் சொன்னேன். பெரிய வியாழனன்று தொலைபேசியில் சொன்னேன். சனிக்கிழமை மறுபடியும் சொன்னேன். “அப்பா, சனத்துக்கு விசர் பிடிக்கப்போகுது,” என்று மகள் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி வைத்தாள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓல்னேக்காரர் நால்வரையும் காணவில்லை. குருவானவரின் அலுவலக அறைக்குப் போய் அவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். மனைவிதான் எடுத்தார்.

“என்ன மாஸ்டர், இந்தச் சாமத்திலை? இன்னும் அஞ்சே முக்கால் ஆகேல்லை. இப்பதான் சொதிக்குப் பால் விடுறன்.”

“பிள்ளை, ஆறே முக்கால் ஆகப்போகுது. ராத்திரி நேரம் மாத்தினது.”

அந்தப் பக்கம் ஒரு கரண்டி விழுந்தது. “இஞ்சேருங்கோ! மணிக்கூட்டை மாத்தச் சொல்லி மாஸ்டர் சொன்னவர் எல்லே!”

பின்னாலிருந்து கணவரின் குரல் தெளிவாகக் கேட்டது. “நீ மாத்துவாய் எண்டு நான் படுத்திட்டன்.”

ஓல்னேயிலிருந்து ரயில், பிறகு மெட்ரோ. இறக்கை கட்டினாலும் எட்டு மணிக்கு முன் வர முடியாது. எட்டு மணிக்கு அதே சிற்றாலயத்தில் ஆங்கில ஆராதனை.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். செவ்ரான்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அறைக்காரர் ஐவரும் முன்வரிசையில் இருந்தார்கள். வேலை உடுப்புகளைப் பையில் வைத்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மூத்தவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பா, உங்களைச் சேர்த்தால் பதினொண்டு,” என்றாள் மகள்.

“நான் சேரேலாது எண்டு உனக்குத் தெரியும்.”

“தெரியும். அதாலைதான் சொல்லுறன்.”

மூத்தவன் தலை நிமிர்ந்தான். “மாஸ்டர், குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் சேரேலாததுக்குக் காரணமான ஆள் ரூ காயிலை இருக்கிறார். அவரும் அதே காரணத்தாலைதான் சேர்றேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சால் பன்னிரண்டு வருது.”

முப்பத்தெட்டு வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு ஒரு கோப்பை கழுவுகிறவன் கூட்டல் சொல்லித் தந்தான். கூட்டல் சரியாகவே இருந்தது.

எங்கள் ஊர்ச் சபைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவரோடு கதைபேச்சு இல்லாதவர் திருவிருந்துக்கு எழும்பிப் போகமாட்டார். முதலில் அந்த ஆளிடம் போய் ஒப்புரவாக வேண்டும், பிறகுதான் பந்தி. மற்றவர்கள் முன்னே போய் முழங்காலிடும்போது அவர் தன் இடத்தில் இருப்பார், சபை முழுவதும் விளங்கிக்கொள்ளும். அமெரிக்கருக்கு இது பிடிபடாது. அவர்கள் செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்தில் சண்டை பிடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிடுவார்கள்.

நான் அறுபத்தைந்து கிழமைகளாக என் இடத்தில் இருந்தேன். ரூ காயில் மளிகைக் கடை வைத்திருந்தவர் எங்கள் சபைக்காரர்தான், என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். 1984 டிசம்பர் முப்பதாம் திகதி, ஆண்டின் கடைசி ஞாயிறு, ஆலய மண்டபத்தில் நாங்கள் கேக்கும் தேநீருமாகக் கூடியிருந்தோம். ஆண்டு முடிவு என்று நான் எழுந்து, யார் யார் எத்தனை ஞாயிறு வந்தார்கள் என்ற கணக்கை வாசித்தேன். அந்த வருடத்தில் ஐம்பத்து மூன்று ஞாயிறுகள். கடைக்காரர் வந்தது ஒன்பது. வாசித்தேன். அவர் எழும்பி, “ஆண்டவர் உம்மைக் கணக்குப்பிள்ளையா வைச்சிருக்கிறாரோ?” என்று கேட்டார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, “இவர் மேலை போனால் பேதுருவைத் தள்ளிப்போட்டு மோட்ச வாசலிலை நிண்டு தலை எண்ணுவார்,” என்றார். மண்டபம் சிரித்தது. என் மருமகனும் சிரித்தார், நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஆலயத்துக்கே வரவில்லை. நான் வந்தேன், ஆனால் எழும்பவில்லை. அவர் கடை வாசலில் முகம் காணாமலிருக்க எதிர்ப் பக்க நடைபாதையால் போவேன். அதற்கு இருபத்தாறு காலடி கூடுதல்.

குருவானவரிடம் போனேன். “எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“ஏழு மணிக்கு முற்றத்தில் உயிர்ப்பின் புது நெருப்பு மூட்டுவோம், பிறகு வேத வாசிப்புகள். ஏழு இருபது வரைக்கும் இழுக்கலாம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் என் கையில் இல்லை.”

“ஏழு இருபதுக்குப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்,” என்றேன்.

தமிழ் வாசிப்புகள் என் பொறுப்பு. வேதாகமத்தை மூத்தவனிடம் கொடுத்தேன். “ஆறுதலா வாசி. நான் வரும்வரைக்கும் முடிக்காதை.”

பாரிசில் அதுவரை நான் வாடகைக் காரில் ஏறியதில்லை. எத்துவாலில் வரிசையில் நின்ற முதல் காரில் ஆறு ஐம்பதுக்கு ஏறினேன். மீற்றர் உடனே எண்ணத் தொடங்கியது. என்னைவிட வேகமாக எண்ணும் ஒன்றை அன்றுதான் கண்டேன். ஞாயிறு விடியல், தெருக்கள் வெறுமை. ஏழுக்கு ஒரு நிமிடம் இருக்க ரூ காயில் நின்றோம். சாரதியைக் காத்திருக்கச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கி மீற்றரைக் காட்டினார்.

கடை பாதி திறந்திருந்தது. கடைக்காரர் வாசலில் மரவள்ளிக்கிழங்குப் பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைக் கண்டார், எனக்குப் பின்னால் காரையும் கண்டார்.

“என்ன, இந்த வருசக் கணக்கு வாசிக்க வந்தீரோ?”

முன்பு அவர் என்னை நீர் என்று சொன்னதில்லை. சண்டையன்று தொடங்கியது, இன்னும் கைவிடவில்லை.

“கோயிலிலை பத்துப் பேர்தான் நிக்கினம்,” என்றேன். “பன்னிரண்டு வேணும். இல்லாட்டில் அந்தப் பெடியளுக்கு ஆராதனை இல்லை.”

“அப்ப நான் ஒரு எண்ணிக்கை. அண்டைக்கு ஒன்பது எண்டு ஒரு எண்ணிக்கை, இண்டைக்குப் பன்னிரண்டுக்கு ஒரு எண்ணிக்கை.” அடுத்த பெட்டியைத் தூக்கினார். “நேரமாகுது, எனக்குக் கடை திறக்கவேணும்.”

அவர் சொன்னது உண்மை. வழி முழுவதும் நான் ஏழு இருபதையும் பன்னிரண்டையும்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த மனிதரை நினைக்கவில்லை. அப்படியே அவரைக் கூட்டிக்கொண்டு போய் முழங்காலிட்டால் பதிவேட்டில் பன்னிரண்டு ஏறும். ஆனால் எங்கள் சட்டப்படி அது பத்துத்தான்.

“தம்பி,” என்றேன். அறுபத்தைந்து கிழமைக்குப் பிறகு அந்தச் சொல் வந்தது. “வாசிச்சது பிழை.”

“மீற்றரைப் பாக்காமல் என்னைப் பாத்துச் சொல்லும்.”

பார்த்தேன். “வாசிச்சது பிழை.”

“எண்ணினது பிழையோ, வாசிச்சது பிழையோ?”

“எண்ணினது சரி. ஒன்பதுதான். அதைச் சபையிலை எழும்பி நிண்டு வாசிச்சதுதான் பிழை. நீர் ஞாயிறிலை ஏன் கடையை விட்டு வரேலாமல் இருந்தீர் எண்டு ஒருக்காலும் கேக்காமல் வாசிச்சன். அது பெரிய பிழை.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு அவர் வயிறு சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது.

“எண்ணினதும் பிழை எண்டு சொல்லியிருந்தால் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பன், மாஸ்டர். பொய்யெண்டு எனக்குத் தெரியும். என்ரை கணக்கிலையும் ஒன்பதுதான்.” கையை மேலங்கியில் துடைத்தார். “பேதுருவின்ரை கதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சனம் சிரிக்கச் சிரிக்க எனக்கும் ருசி பிடிச்சிட்டுது. மனசிலை வையாதையுங்கோ.”

“வைக்கேல்லை,” என்றேன். வைத்திருந்தேன். ஆனால் சொல்லும்போதே அது போய்விட்டது, அதனால் பொய்யென்று கொள்ளவில்லை.

மேல்மாடி யன்னல் திறந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். ஒரு கோட்டு கீழே வந்து விழுந்தது. “போங்கோ இரண்டு பேரும்! கடையை நான் திறக்கிறன். ஒரு வருசமா உந்தப் புறுபுறுப்பைக் கேட்டுக் கேட்டு என்ரை காது புளிச்சுப்போச்சு.”

காருக்குள் ஏறும்போது அவர் தயங்கினார். “மாஸ்டர், தேத்தண்ணி குடிச்சிட்டன்.” வெறும் வயிற்றோடு திருவிருந்தில் சேர்வது எங்கள் வழக்கம்.

“பால் விட்டதோ?”

“இல்லை. பிளேன்.”

“பிளேன் தேத்தண்ணி தண்ணிக் கணக்கு. ஏறும்.”

ஏழு மணி எட்டு நிமிடம். பிகாலைக் கடக்கும்போது சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்து, அண்ணன் தம்பியா என்று கேட்டார். கடைக்காரருக்கு நல்ல பிரெஞ்சு. “இல்லை, இவர் என்னுடைய கணக்காளர்,” என்றார். சாரதி என்னை மரியாதையோடு பார்த்தார்.

முற்றத்துக்குள் நுழைந்தபோது ஏழு பத்தொன்பது. மூட்டிய நெருப்பு இன்னும் கனன்றது. தூறலில் குருவானவரின் நெருப்பு மூன்று முறை அணைந்துபோக, ஐவரில் அடுப்படி வேலையும் தெரிந்த ஒருவன் குந்தியிருந்து நொடியில் மூட்டிக் கொடுத்தான் என்று மகள் பிறகு சொன்னாள். உள்ளே மூத்தவன் நின்று வாசித்துக்கொண்டிருந்தான், இஸ்ரவேலர் செங்கடலைக் கடக்கும் அதிகாரம். என் சொற்படி ஆறுதலாகத்தான் வாசித்தான், ஆனாலும் முடிந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் தொடக்கத்திலிருந்து மறுபடியும் பிடித்திருக்கிறான். தமிழ் தெரியாத குருவானவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வாசலில் நின்றபோது இஸ்ரவேலர் இரண்டாம் முறை கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவன் எங்களைக் கண்டான். கடலை நடுவில் விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினான்.

திருவிருந்து நேரம் வந்தது. அறைக்காரர் ஐவரும் முதலில் போனார்கள். மூத்தவன் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீட்டிக்கொண்டு நெடுநேரம் முழங்காலில் இருந்தான். அப்பம் பெற்ற பிறகும் கையை மடக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தான். செவ்ரான்காரர் மூவர். மகள், மருமகன். பத்து. கடைக்காரர் எழும்பி எனக்கு வழிவிட்டார். நான் அவருக்கு வழிவிட்டேன். “போங்கோ மாஸ்டர், உபசாரத்துக்கு நேரமில்லை,” என்று காதில் சொன்னார். ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். என் முழங்கால் சத்தம் போட்டது, அவருடையதும் போட்டது.

குருவானவர் பாத்திரங்களைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, நாளையும் மணியையும் எழுதி, அதற்கு நேரே 12 என்று எழுதினார். நான் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். தன்னையும் சேர்த்து எழுதவில்லைத்தானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ஏழு ஞாயிறும் எங்களுக்குக் கிடைத்தன. பெந்தெகொஸ்தே அன்று இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அந்த எண்ணிக்கையை நான் யாருக்கும் வாசிக்கவில்லை, இங்கேதான் முதன்முறை எழுதுகிறேன்.

எட்டு மணி ஐந்துக்கு ஓல்னேக்காரர் நால்வரும் மண்டபத்துக்குள் வந்தார்கள். பட்டுச் சேலை, கோட்டு, கையில் இரண்டு பெரிய சட்டிகள். இடியப்பமும் சொதியும். கணவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தன் கை மணிக்கூட்டைப் பார்த்தார்.

“இந்த ஒரு மணித்தியாலத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறாங்கள், மாஸ்டர்?”

“செப்ரெம்பர் கடைசியிலை திருப்பித் தருவினம்,” என்றேன்.

ஐவருக்கும் முதலில் பரிமாறினார்கள். நின்றபடியே சாப்பிட்டார்கள். எட்டு இருபதுக்கு மூத்தவன் வேலைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

“மாஸ்டர், இண்டைக்கு இரவு அம்மாவுக்குக் கடிதம் எழுதுறன். குளிரைப் பற்றி எழுதேல்லை.”

கடைக்காரர் சட்டைப்பையில் கைவிட்டு, காருக்குப் பாதி தான் தருவதாக நின்றார். விடமாட்டேன் என்று நான் நின்றேன். இதில் இன்னொரு கோபம் வந்துவிடப் போகிறது என்று மகள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி தந்து இருத்தினாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறும் அவர் பத்துப் பேருக்கு நடுவில், வேண்டுமென்றே உரத்துக் கேட்பார்.

“மாஸ்டர், அண்டைக்கு என்னை எவ்வளவுக்கு வாங்கினீங்கள்?”

போக, வர, வாசலில் ஒன்பது நிமிடம் காத்திருந்ததற்கும் சேர்த்து மீற்றர் காட்டியது தொண்ணூற்றொரு பிராங்க் அறுபது சதம். சாரதிக்குச் சந்தோசமாக ஐந்து பிராங்க் கொடுத்தேன். மொத்தம் தொண்ணூற்றாறு பிராங்க் அறுபது சதம்.